வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்கலாமா? கொங்குப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சத்தியமங்கலத்தில் விடிகாலை மைசூரு பஸ் ஏறினால், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மைசூருவில் இறங்கிவிடலாம். அதே நேரத்தில் சென்னை பஸ் ஏறியவர் அப்போது பாதி வழியில் இருப்பார். பொள்ளாச்சிக்காரருக்குத் திருச்சூர் நூறு கிலோமீட்டர் சொச்சம். கோயமுத்தூரிலிருந்து வாளையார் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே பாலக்காடு ஐஐடி. இரண்டு மாநிலங்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. இருந்தும், "புள்ளைய மெட்ராஸ்ல சேர்த்திருக்கறோமுங்க" என்று சொல்லும்போது மலர்கிற முகம், "வெளி ஸ்டேட்டு" என்றதும் சுருங்கிவிடுகிறது.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து வீட்டுத் திண்ணையில் பெற்றோர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் வாயில் வரும் கல்லூரிப் பெயர்கள் மொத்தம் பத்து, பன்னிரண்டுதான். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், கொச்சி குசாட், மைசூரு ஆர்ஐஇ, காசர்கோடு என்று நான் சொன்னால், "அங்கெல்லாம் யாருங்க சார் போறாங்க?" என்பார்கள். போனவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். போகாமல் இருந்திருக்கலாம் என்று நான் நினைத்த பிள்ளைகளும் உண்டு. இரண்டு பக்கமும் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள்

ஊரையும் பல்கலைக்கழகத்தையும் அப்புறம் பார்க்கலாம். வெளிமாநிலம் போவது லாபமா நட்டமா என்பது படிப்பைப் பொறுத்தே மாறுகிறது.

பிகாம், பிபிஏ, பிசிஏ, சாதாரண பிஇ கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்பது என் கருத்து. கோவையின் ஐடி நிறுவனங்களும், திருப்பூரின் ஏற்றுமதி அலுவலகங்களும், ஈரோட்டு ஆடிட்டர் அலுவலகங்களும் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்துதான் ஆள் எடுக்கின்றன. படிக்கும்போதே அங்கே பயிற்சிக்குப் போய்வரும் பிள்ளைக்குக் கிடைக்கும் பழக்கம், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்காது.

இதற்கு ஒரே விதிவிலக்கு என்ஐடி என்கிற தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள். ஒவ்வொரு என்ஐடியிலும் பாதி இடம் அந்த மாநிலத்தாருக்கு, மீதிப் பாதி மற்ற மாநிலத்தாருக்கு. நம் பிள்ளைகள் திருச்சியில் உள்ள சொந்த மாநில இடத்துக்கு அடித்துப் பிடித்துப் போட்டியிட்டுவிட்டு, அது கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுகிறார்கள். கோழிக்கோடு, சூரத்கல், வாரங்கல் என்று மீதிப் பாதியில் நமக்கும் பங்கு இருக்கிறது. விருப்பப் பட்டியல் நிரப்பும்போது திருச்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், பொருளாதாரம், வரலாறு, மொழிகள், ஆசிரியர் பயிற்சியோடு சேர்ந்த பட்டம், வேளாண்மை, பால்வளம், கப்பல் கட்டுமானம், பேச்சு-செவித்திறன் போன்றவைதான் வெளியே போய்ப் படிக்கத் தகுந்தவை. இந்தப் படிப்புகளில் பாடம் நடத்துபவர் தானும் ஆராய்ச்சி செய்கிறவரா, ஆய்வகக் கருவிகள் ஓடுகின்றனவா, நூலகம் இரவிலும் திறந்திருக்கிறதா என்பதெல்லாம் பிள்ளையின் திசையையே மாற்றிவிடும். பக்கத்துச் சுயநிதிக் கல்லூரியில் பெரிய கட்டணம் கட்டி பிஎஸ்சி இயற்பியல் படிப்பதையும், ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சில ஆயிரங்களில் ஐந்தாண்டு எம்எஸ்சி படிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம், மருத்துவம் ஆகியவற்றில் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாநில எல்லையைத் தாண்டினால் அந்த ஒதுக்கீடு கிடையாது. அதில் நல்ல இடம் வரும் வாய்ப்பிருந்தால் அதைக் கைவிட்டு வெளியே போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாம் படி: எது அரசுப் பல்கலைக்கழகம் என்று பிரித்தறியுங்கள்

பெயரில் பெரிய ஊரும் "யுனிவர்சிட்டி"யும் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகம் என்று நம்பி லட்சக்கணக்கில் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு தன் தளத்தில் மத்தியப் பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகம், நிகர்நிலை, தனியார் என்று தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. உங்கள் காதில் விழுந்த பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தேட ஐந்து நிமிடம் போதும்.

நம் ஊரிலிருந்து பார்த்தால் என் மனதில் வரும் இடங்கள் இவை.

மைசூருவில் இரண்டு. ஒன்று, என்சிஇஆர்டி நடத்தும் ஆர்ஐஇ என்கிற மண்டலக் கல்வியியல் நிறுவனம். 1963-இல் தொடங்கியது, தென்மாநிலங்களுக்கென்றே அமைந்தது, தமிழ்நாடும் அதில் சேர்த்தி. பட்டமும் பிஎட்டும் சேர்ந்த படிப்புக்கு நல்ல பெயர் உள்ள இடம். ஆசிரியராக வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்னொன்று, அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம். காது கேளாத குழந்தைக்கும், பக்கவாதத்தில் பேச்சுப் போனவருக்கும் சிகிச்சை தரும் படிப்பு அங்கே இருக்கிறது. இதற்கு நீட் வேண்டும் என்று நினைத்துப் பலர் விலகிவிடுகிறார்கள். அந்த நிறுவனம் தன் நுழைவுத் தேர்வைத் தானே நடத்துகிறது.

கேரளப் பக்கம், கொச்சியில் 1971-இல் தொடங்கிய குசாட் என்கிற கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கப்பல் கட்டுமானம், கடல்சார் பொறியியல், பாலிமர், ஒளியியல் என்று நம் பக்கம் எளிதில் கிடைக்காத துறைகள் அதன் பலம். மெட்ரோ ரயில் வாசலுக்கே போகிறது. திருச்சூர் வெள்ளாணிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழகம். காசர்கோடு மாவட்டம் பெரியேயில் கேரள மத்தியப் பல்கலைக்கழகம், இது முதுகலைக்குத்தான் அதிகம் பொருந்தும். கோவை–மங்களூரு இன்டர்சிட்டியில் ஏறினால் காஞ்ஞங்காட்டில் இறங்கிக்கொள்ளலாம்.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு எம்எஸ்சி, எம்ஏ படிப்புகள்தான் அதன் சிறப்பு. கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகப் போகும் சபரி எக்ஸ்பிரஸ் நேராகச் செகந்திராபாத்தில் கொண்டுபோய் விடும். அதே ஊரில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஜெர்மன், ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜப்பானியம் எல்லாம் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு குடும்பமாவது தன் பிள்ளையை அங்கே அனுப்ப வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. சரக்கு வாங்கும் ஐரோப்பியப் பையர்களோடு தினமும் பேசுகிற ஊரில், அவர்கள் மொழி தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

புதுச்சேரியும் கணக்குப்படி வெளிமாநிலம்தான். அதன் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஒரு வளாகம் இருப்பதும், அங்கே கடல் உயிரியல் படிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. இன்னும் தூரம் போகத் துணிந்தால் அசாமின் தேஜ்பூர் மத்தியப் பல்கலைக்கழகம் வரை இருக்கிறது. கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் நம் ஈரோடு வழியாகத்தான் போகிறது. அந்த ஊர்களிலிருந்து இளைஞர்கள் மூன்று நாள் பயணம் செய்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நம் மில்களுக்கு வேலைக்கு வந்து இறங்குகிறார்கள். தூரம் என்று மலைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

வேளாண்மைக்குத் தனி வழி. நம்மவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கிடைத்தால் கிடைத்தது, இல்லையென்றால் தனியார் கல்லூரி என்று இரண்டே கதவுதான் தெரியும். நாடு முழுக்க உள்ள மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் 20 சதவீத இளநிலை இடங்களை ஐசிஏஆர் என்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அகில இந்திய அளவில், சியூஇடி என்கிற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து நிரப்புகிறது. அப்படிச் சொந்த மாநிலத்துக்கு வெளியே சேர்கிறவர்களுக்கு மாதந்தோறும் தேசியத் திறன் உதவித்தொகையும் உண்டு. வெளியே போவதற்காகவே தரப்படும் பணம் அது. கால்நடை மருத்துவத்திலும் 15 சதவீத அகில இந்திய இடம் நீட் மதிப்பெண் வழியாக இருக்கிறது. நீட் எழுதி எம்பிபிஎஸ் கிடைக்காத நாமக்கல் பிள்ளைகள், வீட்டில் கோழிப்பண்ணை வைத்துக்கொண்டே இதற்கு விண்ணப்பிக்காமல் விடுவதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுத் துறையைப் பாருங்கள்

ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை தங்கமாக இருக்கும், அடுத்த கட்டிடத்தில் இருக்கும் துறையில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். அதனால் ரேங்க் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். என்ஐஆர்எஃப் என்கிற மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசைக்காக ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த விவரத் தாள் பொதுவில் கிடைக்கிறது. அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கும் எத்தனை பேர் மேல்படிப்புக்கும் போனார்கள், நடுத்தரச் சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். மாணவர்களில் சொந்த மாநிலத்தார் எத்தனை, வெளிமாநிலத்தார் எத்தனை என்றும் ஒரு கட்டம் உண்டு. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வெளிமாநிலப் பிள்ளைகள் கணிசமாக இருக்கும் இடத்தில் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், விடுதியில் நாலு மொழி கேட்கும், நம் பிள்ளை தனித்துப் போகாது.

அடுத்து, துறைப் பக்கத்தில் ஆசிரியர் பட்டியலை எண்ணுங்கள். நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துறையில் இப்போது படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். ஒவ்வொரு வளாகத்திலும் நம் ஆட்கள் நாலு பேராவது இருப்பார்கள்.

முடிந்தால் ஒருமுறை நேரில் போய்விடுங்கள். சொந்தக்காரப் பெண்ணுக்காக ஒரே வாரத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் போனேன். முதல் இடத்தில் வேதியியல் துறையின் கருவி அறையில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், மேலே பிளாஸ்டிக் உறை போட்டு அழகாக மூடி வைத்திருந்தது. பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கிய பதிவேட்டைப் புரட்டினேன். கடைசிக் கையெழுத்து பதினான்கு மாதங்களுக்கு முந்தையது. இரண்டாம் இடத்தில் அதைவிடப் பழைய கருவி, மூலையில் டேப் ஒட்டியிருந்தது. பதிவேட்டில் முந்தின நாள் தேதியில் ஏழு பெயர்கள், அதில் மூன்று பெயருக்கு நேரே எம்எஸ்சி முதலாண்டு என்று எழுதியிருந்தது. ஒருவர் இரவு 9.40-க்குக் கருவியை அணைத்ததாகக் குறித்திருந்தார். அந்தப் பெண்ணை இரண்டாம் இடத்தில் சேர்த்தோம். எந்தத் துறைக்குப் போனாலும் இப்படி ஒரு பதிவேடு இருக்கும். நூலகத்தில் புத்தகம் எடுத்த பதிவு, கருத்தரங்க அறிவிப்புப் பலகை, முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அறிவிப்பு என்று ஏதாவது ஒன்றில் துறையின் நாடித்துடிப்பு தெரிந்துவிடும்.

நான்காம் படி: ஓபிசி சான்றிதழ்

இதைத்தான் மிகவும் பொறுமையாகப் படிக்கச் சொல்கிறேன். நான் பார்த்தவரை நம் பகுதிப் பிள்ளைகள் மதிப்பெண் குறைவால் இழந்த இடங்களைவிட இந்த ஒரு தாளால் இழந்த இடங்கள்தான் அதிகம்.

அந்தியூர் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவரின் மகள். சியூஇடியில் அருமையான மதிப்பெண். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அப்பாவும் மகளும் போனார்கள். பள்ளியில் வாங்கிய சாதிச் சான்றிதழை லேமினேட் செய்து பத்திரமாக எடுத்துப் போயிருக்கிறார் மனிதர். மேசையில் இருந்தவர் பார்த்துவிட்டு, "இது உங்கள் மாநிலச் சான்று, மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் மாலை வரைதான் அவகாசம். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். "ஏனுங் சார், கவர்மென்ட் முத்திரைதானுங்க இதுலயும் இருக்குது?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பொதுப்பிரிவில் வைத்தார்கள், சொற்ப மதிப்பெண்ணில் இடம் போனது.

விவரம் இதுதான். மத்திய நிறுவனங்களில் ஓபிசி என்கிற இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27, எஸ்சிக்கு 15, எஸ்டிக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு 10 சதவீதம். தமிழ்நாட்டின் 69 சதவீதக் கணக்கு அங்கே இல்லை. நம்மிடம் பிசி, எம்பிசி என்று தனித்தனியாக இருப்பவர்கள், மத்தியப் பட்டியலில் தங்கள் சாதிப் பெயர் இருந்தால், ஓபிசி என்ற ஒரே பிரிவில் வருவார்கள். அருந்ததியர் உள் ஒதுக்கீடும் அங்கே கிடையாது, மொத்தமாக எஸ்சிதான். ஓபிசி சலுகை பெற "கிரீமி லேயரில் இல்லை" என்கிற, அதாவது வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்கிற சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் ஓபிசி சான்றிதழ் என்றே தனியாக விண்ணப்பிக்க வேண்டும், வட்டாட்சியர் தருவார். ஏப்ரல் 1-க்குப் பிறகு தேதியிட்ட சான்றைத்தான் பெரும்பாலான மத்திய நிறுவனங்கள் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு ஏற்கின்றன. அதனால் ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

வருமான வரம்பு 8 லட்சம் என்றதும், "நமக்கெல்லாம் எங்கீங்க கிடைக்கும், நாலு ஏக்கர் மஞ்சள் போட்டிருக்கறோம்" என்று முயற்சியே செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த 8 லட்சக் கணக்கில் விவசாய நில வருமானமும் சம்பளமும் சேராது. விசைத்தறி, நிட்டிங் யூனிட், வாடகை, வியாபாரம் போன்றவற்றின் வருமானம் சேரும். அதுவும் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாண்டியிருந்தால்தான் கிரீமி லேயர். நில அளவுக்கும் பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவிக்கும் தனி விதிகள் இருக்கின்றன, அதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். இதெல்லாம் மத்திய நிறுவனங்களுக்கு மட்டும். குசாட் போன்ற வேற்று மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்த மாநிலத்துச் சமூகங்களுக்குத்தான் ஒதுக்கீடு. நம் பிள்ளை அங்கே அகில இந்திய இடத்தில் பொதுப்பிரிவாகத்தான் போட்டியிட முடியும். கட்டணமும் வெளிமாநிலத்தாருக்கு வேறாக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஜனவரியிலேயே தொடங்குங்கள்

2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லாத மாநிலம் நம்முடையது. பிளஸ் டூ மதிப்பெண் வந்தால் போதும் என்று பழகிவிட்டோம். வெளியே அப்படி இல்லை. சியூஇடி, ஐசர் என்கிற மத்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு, குசாட் தேர்வு என்று பெரும்பாலான விண்ணப்பங்கள் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரைக்குள் வந்து முடிந்துவிடும். சரியாக அப்போதுதான் செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும். "பப்ளிக் முடியட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லும் வீடுகளில் இது அத்தோடு போயிற்று. ஆன்லைன் விண்ணப்பத்தைப் பெற்றோர் உட்கார்ந்து நிரப்பிவிடுங்கள், பிள்ளை பாட்டுக்குப் படிக்கட்டும்.

சியூஇடி 2022-இல் தொடங்கியது. கணினியில் எழுதும் தேர்வு. 2025 முறைப்படி அதிகபட்சம் ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 50 வினா, ஒரு மணி நேரம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிப்பார்கள். வினாத்தாளைத் தமிழிலும் எழுதலாம், 13 மொழிகளில் அதுவும் ஒன்று. என்சிஇஆர்டி பாடத்திட்டம் என்றாலும், நம் புதிய பாடநூல்களை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அறிவியல் பாடங்களில் பெரும்பகுதி தெரிந்ததாகவே இருக்கும். வாரத்துக்கு மூன்று மாதிரித் தேர்வு, வேகத்துக்காக, அவ்வளவு போதும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடச் சேர்க்கை கேட்கிறார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பாடம் தேர்ந்தெடுக்கும் முன் அதைப் பார்க்க மறந்து, எழுதின தேர்வே பயன்படாமல் போனவர்கள் உண்டு.

முடிவு வர ஜூலை ஆகிவிடும், சேர்க்கை ஆகஸ்ட் வரை இழுக்கும். அதுவரை சும்மா இருக்க முடியாது, உள்ளூரில் ஒரு இடத்தில் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். அப்புறம் விலகினால் பணம் திரும்ப வருமா? யுஜிசி ஆண்டுதோறும் ஒரு தேதி அறிவிக்கிறது. 2024–25-இல் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும் என்றது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பதும் யுஜிசி விதிதான். இருந்தும் ஒரு கல்லூரி என் மாணவனின் டிசியைக் கொடுக்காமல் பதினோரு நாள் அலைக்கழித்தது. அதனால் சேரும்போதே அசலைச் சரிபார்த்துவிட்டு நகலை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். அசலைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆறாம் படி: பணக் கணக்கு

மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் சிறியது. விடுதி, மெஸ், வருடத்தில் மூன்று நாலு ரயில் பயணம், முதல் வருடம் ஒரு லேப்டாப் என்று எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். உள்ளூர்க் கல்லூரி பஸ் கட்டணத்தையும் எதிர்ப் பக்கம் எழுதுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

என்ஐடியில் ஆண்டுக்கு 1.25 லட்சம் படிப்புக் கட்டணம். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் யாருக்கும் முழு விலக்கு, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு.

தமிழ்நாடு அரசின் ஓர் உதவித்தொகை நம் பக்கம் பேச்சிலேயே இல்லை. ஐஐடி, என்ஐடி, ஐஐஐடி, ஐஐஎம், மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிசி, எம்பிசி, சீர்மரபினர் மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 2 லட்சம் வரை தருகிறார்கள். கலெக்டர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வெளிமாநிலத்தில் படித்தாலும் நம் மாநிலத்திலிருந்தே வரும். கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால் 2024-இல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தைப் பாருங்கள், மத்திய அரசு நிறுவனங்கள் அதில் வருகின்றன, ஈடும் ஜாமீனும் கேட்பதில்லை.

ஏழாம் படி: எதை இழக்கிறோம் என்பதையும் எழுதுங்கள்

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு டிஎன்பிஎஸ்சி பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. பட்டமும் தமிழ் வழியில் இருந்தால்தான் பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் பணிகளுக்கு அது செல்லும். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, குரூப் 2-தான் லட்சியம் என்று உறுதியாக இருக்கும் பிள்ளை, ஊரிலுள்ள அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் வழிப் பட்டம் படிப்பது புத்திசாலித்தனம். வெளியே போனால் அந்தச் சலுகை போய்விடும்.

மாநில ஆசிரியர் பணி எண்ணம் இருந்தால், பட்டத்தின் பெயர் இங்குள்ள பட்டத்துக்குச் சமமாக அரசாணையில் ஏற்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். புதுப் புதுப் பெயரில் உள்ள ஒருங்கிணைந்த படிப்புகளுக்கு இந்தச் சமநிலைச் சிக்கல் வருகிறது.

அப்புறம் பண்டிகை. மாட்டுப் பொங்கலுக்கும் பூப்பறிக்கிற நோன்புக்கும் எல்லா ஊரிலும் விடுமுறை கிடையாது. பண்ணாரி குண்டம் வரும் பங்குனியில் செமஸ்டர் நடுவில் நிற்கும். பாட்டிமாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எட்டாம் படி: அனுப்புவது

விடுதி வாழ்க்கை நமக்குப் புதிதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் இரண்டு வருடம் விட்டவர்கள்தான் நாம். பதினைந்து வயதில் அனுப்பிய பிள்ளையைப் பதினெட்டில் அனுப்பத் தயங்குவது, அதுவும் பெண் பிள்ளை என்றால் மட்டும் தயங்குவது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. பயத்தைக் கேள்வியாக்குங்கள். பெண்கள் விடுதி வளாகத்துக்குள் இருக்கிறதா, முதலாண்டில் எல்லோருக்கும் இடம் உறுதியா, இரவில் நூலகத்திலிருந்து விடுதி வரை விளக்கு இருக்கிறதா, வளாகத்தில் மருத்துவமனை உண்டா என்று கேளுங்கள். ராகிங் பற்றிக் கவலை இருந்தால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணைப் பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் பதிந்துவிடுங்கள்.

முதல் ஒரு மாதம் அழுகை வரும். கேரளத்து மட்டை அரிசி பிடிக்கவில்லை, ஹைதராபாத்தில் காரம் அதிகம், ரூமில் யாரும் தமிழ் பேசவில்லை என்று தினமும் போன் வரும். அந்த மாதத்தில் போய் அழைத்து வந்துவிடாதீர்கள், ஓணத்துக்கோ ஆயுத பூஜைக்கோ வரட்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, தீபாவளி டிக்கெட்டுக்கு அந்த நாள் காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும்.

இப்போது தவறவிட்டவர்களுக்கு

இதைப் படிக்கும்போது பிள்ளை ஏற்கெனவே ஊரில் பிஎஸ்சியோ பிஏவோ சேர்ந்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உண்மையில் நான் பல பிள்ளைகளுக்கு இந்த வழியைத்தான் சொல்கிறேன். மூன்று வருடம் கோபியிலோ கோவையிலோ ஈரோட்டிலோ வீட்டுச் சாப்பாட்டோடு படித்து, அடிப்படையைப் பலப்படுத்திக்கொண்டு, முதுகலைக்கு வெளியே போவது. ஹைதராபாத், காசர்கோடு, புதுச்சேரி எல்லாவற்றுக்கும் சியூஇடி முதுகலைத் தேர்வு, மார்ச் மாதவாக்கில். அறிவியல் பிள்ளைகள் ஐஐடி ஜாம் தேர்வையும் சேர்த்து எழுதலாம். அதில் வென்றால் ஐஐடியிலேயே எம்எஸ்சி. முதுகலையில்தான் மத்தியப் பல்கலைக்கழகங்களின் உண்மையான பலம் இருக்கிறது, இருபத்தொரு வயதில் பிள்ளைக்கும் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

இடம் உள்ளூரில் கிடைத்தாலும் வெளியே கிடைத்தாலும் பயணப் பைக்கு முன்னால் ஒரு கோப்பைத் தயார் செய்யுங்கள். பத்து, பிளஸ் டூ மதிப்பெண் சான்றுகள், டிசி, சாதிச் சான்று, அந்த ஆண்டு ஏப்ரலுக்குப் பின் வாங்கிய ஓபிசி சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதார், பத்துப் பாஸ்போர்ட் போட்டோ, ஒவ்வொன்றிலும் ஐந்து நகல், எல்லாவற்றின் ஸ்கேனும் அப்பா போனில் ஒரு பிரதி, பிள்ளை போனில் ஒரு பிரதி. அந்தியூர்க்காரரின் இரண்டாவது மகள் போன வருடம் சரிபார்ப்புக்குப் போனபோது கோப்பைத் திறந்து முதலில் எடுத்து வைத்தது ஏப்ரல் 9 தேதியிட்ட ஓபிசி சான்றிதழைத்தான்.